இரண்டு கடைக்காரர்களை நான் அண்ணன் தம்பி ஆக்கியது

1. இடுப்பில்லாத பெண்

மாத்தளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில்தான் எங்கள் ஸ்டூடியோ. அங்கே சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, ஒரு பெண்ணை நடக்க வைப்பது. அதற்கு முன் நான் கலியாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். மணப்பெண்ணின் முகப்பருவை அழிப்பதிலும் மாப்பிள்ளையின் தொப்பையைக் குறைப்பதிலும் எனக்கு நல்ல பெயர். வீடியோ கேம் பற்றி ஒன்றும் தெரியாது.

முதலாளி இர்ஷாத்தை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்போம். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். வெளிநாட்டுக் கம்பனி ஒன்று தன்னுடைய கேமுக்காக அனுப்பிய மாடல் அது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணாம். இடுப்பு என் மணிக்கட்டு அளவு. சேலை தொப்புளுக்குக் கீழே. கூடையை இரண்டு தோளிலும் பள்ளிக்கூடப் பை மாதிரி மாட்டியிருந்தாள்.

"இதுக்கு ஒரு வோக் சைக்கிள் செஞ்சி தாங்க தங்கச்சி. ரெண்டு எட்டு வச்சாப் போதும், அதுவே திரும்பத் திரும்ப ஓடும்" என்றார் நானா.

நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். முதல் நாள் என்று பார்க்காமல் வாயைத் திறந்துவிட்டேன். "நானா, இவ மலையில ஏறுனா பத்தாவது எட்டுல உருண்டு கீழ வந்துருவா."

அன்று வீட்டுக்குப் போனதும் படத்தை அம்மாவிடம் காட்டினேன். "யாருடி இவ? சோறே திங்கிறதில்லையா? படங்கு எங்க?" என்றார் அம்மா. படங்கு என்பது செடி கிழிக்காமலும் ஈரம் படாமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு. கூடையின் கயிறு தலையில் மாட்டப்படும். அதற்குக் கீழே துணியை மடித்து வைப்பார்கள். பாரம் முழுக்கக் கழுத்தில் நிற்பதால் நடக்கும்போது தலை ஆடாது, முழங்கால்தான் வேலை செய்யும். அம்மாவை நாலு தடவை மேட்டில் ஏற்றி இறக்கி, போனில் வீடியோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் அந்த நடையைச் செய்தேன்.

வெளிநாட்டுக் கம்பனியின் ஆர்ட் டிரெக்டருக்குப் பிடிக்கவில்லை. பெண்ணின் நடையில் நளினம் போதாது என்று பதினொரு தடவை திருப்பி அனுப்பினார். பன்னிரண்டாவது தடவை வீடியோ கோலில் லேப்டொப் பையின் வாரைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஆபீஸ் முழுக்க நடந்து காட்டினேன். மனிதர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, உடம்பையும் உடுப்பையும் நீங்களே மாற்றுங்கள் என்றார். அந்தப் பெண் இன்றைக்கும் அந்த கேமில் தலை ஆடாமல் மலை ஏறிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அதில் சொல்ல முடியாத பெருமை. அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கும் ஏறிவிட்டது என்பதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

2. காலை பில்ட்

பல வருடம் ஊரானுக்கு வேலை செய்த பிறகு சொந்தமாக ஒரு கேம் செய்வது என்று முடிவெடுத்தோம். அப்போது கேரக்டர் டீமுக்கு நான்தான் தலைமை. மலையடிவாரத்து ஊர் ஒன்றில் த்ரீவீலர் ஓட்டும் கௌசி என்ற பெண்தான் கதாநாயகி. ஊராருக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பாள், வழியில் அவர்களுடைய சிக்கல்களில் மாட்டிக்கொள்வாள். கௌசிக்கு நாற்பது வயது, கொஞ்சம் பருமன், வாய் நீளம். யாரைப் பார்த்துச் செய்தேன் என்று டீமில் எல்லோருக்கும் தெரியும், என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை.

கதை எழுதியவன் யட்டவத்தையைச் சேர்ந்த நிரோஷன். அது அவன் உண்மைப் பெயர் இல்லை. இந்தக் குறிப்பை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். எழுதுங்க அக்கா, ஆனால் பெயரை நான் சொல்கிறேன் என்று அவனே தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். அவன் ஆண்களை விரும்புகிறவன். எங்களில் இரண்டு மூன்று பேருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. நாட்டின் சட்டமும் இன்னும் அவன் பக்கம் இல்லை.

பஸ் ஹோல்ட்டுக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை நடத்தும் மோகன், ரவி என்ற இரண்டு பேரை நிரோஷன் எழுதியிருந்தான். ஒருவர் மாவு பிசைவார், மற்றவர் ரொட்டி சுடுவார். கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதில் ஒரே கட்டில். அவர்கள் ஒரு சோடி. வசனத்தில் எங்கேயும் அதை உரக்கச் சொல்லவில்லை. பார்க்கிறவர்களுக்குப் புரியும்.

எனக்குப் பயம் வந்தது. டவுனில் ஒரு மண்டபத்தில் டெமோ வைக்க இருந்தோம், குடும்பம் குடும்பமாக வருவார்கள். யாராவது ஒருவர் கத்தினால் கேமும் போகும், நிரோஷனையும் நாலு பேர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அவனைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தேன். மோகனின் மூக்கையும் காதையும் அப்படியே எடுத்து ரவிக்கு வைத்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டில் போட்டேன். சுவரில் அப்பா, அம்மா, இரண்டு பொடியன்கள் என்று ஒரு குடும்பப் படமும் மாட்டினேன். எங்கள் ஊரில் ஒரே வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தால் அண்ணன் தம்பியா என்றுதான் கேட்பார்கள். கேட்க முன்னமே பதிலை வைத்துவிட்டேன். கலியாண ஆல்பத்தில் கை தேர்ந்தவளுக்கு அரை நாள் வேலை.

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. முந்தைய நாள் செய்ததை எல்லாம் சேர்த்து வரும் புதுப் பதிப்பைக் காலை பில்ட் என்போம். எல்லோரும் பால் விடாத பிளேன்டியுடன் ஒரே திரைக்கு முன்னால் உட்கார்ந்து, அதை அரை மணி நேரம் விளையாடிப் பார்த்த பிறகுதான் வேலை தொடங்கும். அன்று கொன்ட்ரோலர் நிரோஷனின் கையில் இருந்தது.

கௌசியைக் கடைக்குள் கொண்டு போனான். ரவியின் முகத்தைப் பார்த்தான். பின்னறைக்குப் போனான். இரண்டு கட்டிலையும் பார்த்தான். சுவரில் இருந்த படத்துக்கு முன்னால் கௌசியை நிறுத்தி வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான். அன்று முழுக்க வரவில்லை.

3. நானா கேட்ட கேள்வி

மறுநாள் வந்தான். என் மேசைக்கு நேரே வந்து நின்றான்.

"அக்கா, கொழுந்தெடுக்கிற அந்தப் பொம்பளையோட நடைக்காக பதினோரு வாட்டி அவங்களோட சண்ட புடிச்சீங்க. எனக்கு அந்தக் கதய நீங்களே எத்தன தடவ சொல்லியிருக்கீங்க. என்னோட ஆளுங்க மூஞ்சிய மாத்துறதுக்கு முன்னுக்கு ஒரு வாட்டி என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"ஒனக்கு ஒன்னும் வந்துறக் கூடாதுன்னுதான்டா..."

"எனக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியாதா? நான் பாத்த கேமுல எல்லாம் எங்களப் போல ஆளு வந்தா சிரிக்கிறதுக்கு வருவான், இல்லாட்டி சாகுறதுக்கு வருவான். ரொட்டி சுட்டுக்கிட்டு சும்மா இருக்கிறவன நான் பாத்ததே இல்ல. அதனாலதான் எழுதுனேன். நீங்களும் எடுத்துட்டீங்க."

வெட்கமாக இருந்தது. மற்றவனுக்கு வாய் கிழியப் பாடம் எடுத்த நான், என் அம்மாவுக்கு அந்தக் கம்பனி செய்ததையே இவனுக்குச் செய்திருந்தேன். அவர்கள் தெரியாமல் செய்தார்கள், நான் தெரிந்தே செய்தேன். "மன்னிச்சிக்க நிரோ" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தான். மன்னித்தானா என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

நேரே இர்ஷாத் நானாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நானா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். யோசிக்கிறார் என்று அர்த்தம்.

"அண்ணன் தம்பியாவே ஈக்கட்டுமே. அதால யாருக்கு நட்டம்?" என்றார்.

"நிரோஷனுக்கு" என்றேன்.

நானா என்னைப் பார்த்தார். அவருக்கு அதுவரை தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. நிரோஷனிடம் கேட்காமல் சொல்லிவிட்டேனே என்று உடனே எனக்கு நாக்கைக் கடிக்கத் தோன்றியது. ஒரே வாரத்தில் இரண்டாவது தப்பு. இதையும் அவனிடம் போய் ஒப்புக்கொண்டேன், அவன் அதற்கும் தனியாகத் திட்டினான்.

நானா தொப்பியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "எனக்கு இது முழுசா விளங்குதுண்டு பொய் செல்ல மாட்டேன். ஆனா அந்தப் புள்ள அஞ்சு வருஷமா என்ட கையால சம்பளம் வாங்குது, ஒரு நாள் வேலைல கள்ளம் செஞ்சதில்ல. டெமோவுல யாராச்சும் வம்புக்கு வந்தா?" என்றார்.

"வந்தா முன்னுக்கு நான் நிக்கிறேன் நானா."

"நீங்க நிண்டா வாறவன் பாவம்" என்றார். "சரி, பிரசங்கம் ஒண்டும் வேணாம். மத்த ஆக்களப் போல அவங்களும் கடைய நடத்தட்டும், சண்ட புடிக்கட்டும், சமாதானமாகட்டும்."

நிரோஷன் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஒரு புதுப் பகுதியே எழுதினான். மோகனும் ரவியும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ரவி கோபித்துக்கொண்டு மேலே சந்திக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறார். சாப்பாட்டுப் பார்சலைக் கௌசிதான் கொண்டு போக வேண்டும். ரவியின் முகத்தை நான் புதிதாகச் செய்தேன். இந்த முறை நிரோஷனைப் பக்கத்தில் உட்கார வைத்து, புருவம் வரைக்கும் கேட்டுக் கேட்டுச் செய்தேன். இரண்டாவது கட்டிலை எடுக்கும் வேலையை மட்டும் அவனிடமே விட்டேன்.

4. டெமோ அன்று

எங்கள் துறைக்குப் புதிதாக வந்த, இதை எழுதச் சொல்லிக் கேட்ட இளையவர்கள், கடைசியில் ஒரு பாடம் சொல்லுங்கள் என்றார்கள். சொல்கிறேன். ஒருவருடைய வாழ்க்கையை வரையும்போது அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மறைத்துவிடாதீர்கள். அவர் பக்கத்து மேசையில்தான் இருப்பார். எழுந்து போய்க் கேளுங்கள். இனி டெமோ நாளைச் சொல்லி முடிக்கிறேன்.

மண்டபம் நிறைய ஆட்கள். நான் பயந்த சத்தம் வரவில்லை. இரண்டு பேர் முகத்தைச் சுளித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்கள். ஒரு த்ரீவீலர்காரர், கௌசி ரிவர்ஸ் எடுப்பது சரியில்லை என்று என்னோடு வாதாடினார்.

பின்னேரம் நிரோஷனின் அம்மா வந்தார், பென்ஷன் எடுத்த டீச்சர். மகனின் கலியாணப் பேச்சை வருடக்கணக்காகக் கொண்டு திரிகிறவர் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து கொன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். த்ரீவீலரை இரண்டு தடவை மதிலில் மோதிவிட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தார். பின்னறையைப் பார்த்தார். சண்டையைக் கேட்டார். மோகன் பார்சலை நீட்டி, "அவன் காலையில இருந்து சாப்பிடல்ல, கொண்டு போய்க் குடும்மா" என்று சொல்லும் இடத்தில் கையை நிறுத்தினார்.

நான் பக்கத்தில் நின்றேன். நிரோஷன் எங்களுக்குப் பின்னால் நின்றான்.

டீச்சர் திரையைப் பார்த்தபடியே என்னிடம் கேட்டார். "இந்த ரெண்டு பேருக்கும் வயசு போனா யாரு பாத்துக்குவாங்க?"

நான் திரும்பி நிரோஷனைப் பார்த்தேன்.

"ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாங்கம்மா" என்றான் நிரோஷன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி, அப்ப கொண்டு போய்க் குடுப்பம், சோறு ஆறிப் போகும்" என்று சொல்லிவிட்டு பட்டனை அழுத்திப் பார்சலை வாங்கிக்கொண்டார்.