லஷீன் கால்வாயில் படகை விட்டு இறங்கி நடந்தது

மொன்றியலுக்கு வந்து பதின்மூன்று வருடமாகிறது. லஷீன் கால்வாயைப் பாலத்துக்கு மேலால் போகும்போது எட்டிப் பார்த்ததோடு சரி. 2002 இல் அதைத் துப்புரவாக்கி மறுபடியும் படகு விடத் தொடங்கியபோதும் ‘ஒருநாள் போவோம்’ என்றுதான் சொன்னேன். அந்த ஒருநாள் போன மாதம், 2006 ஜூலையில் ஒரு சனிக்கிழமை வந்தது. எனக்கும் வதனாவுக்கும் கலியாணமாகிப் பதினைந்து வருடம். மகனுக்குப் பன்னிரண்டு வயது. தாய் தகப்பனோடு படகில் போவது வெட்கக்கேடு என்று சிநேகிதன் வீட்டுக்கு ஓடிவிட்டான்.

நாங்கள் இருக்கும் பியர்பொன்ட்ஸில் காலை 10.40க்கு பஸ் எடுத்தோம். கோட் வெர்து மெட்ரோவுக்கு ஐம்பது நிமிடம், அங்கிருந்து லியோனல் குறூ வரை இருபது நிமிடம், பிறகு அட்வாட்டர் சந்தைக்குப் பத்து நிமிட நடை. ஆளுக்கு இரண்டரை டொலர். கார் இருந்தும் ஏன் பஸ் என்று கேட்பீர்கள். சனிக்கிழமை அந்தச் சந்தையில் கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

சந்தைக்குப் பின்னாலேயே படகுத்துறை. இரண்டு மணி நேரச் சவாரிக்கு ஆளுக்குப் பதினேழு டொலர். படகு கால்வாய் வழியே கிழக்கே போய், சென் கப்ரியேல் லொக்கில் இறங்கி, பழைய துறைமுகப் பக்கம் வரை போய்த் திரும்பும். லொக் என்றால் இரண்டு பக்கமும் கதவு போட்ட பெரிய தண்ணீர்த் தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரைக் குறைத்தோ கூட்டியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோவார்கள்.

படகு பிடிக்குமா என்று நான் வதனாவைக் கேட்கவில்லை. முதல்நாள் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மிதவைச் சட்டை தருவார்களா என்று. அந்தத் தண்ணீரில் தாழுறதெண்டால் நீர்தான் மெனக்கெட வேணும் என்று பகிடி விட்டேன்.

ஒரு மணிக்குப் படகு. எல்லோரும் ஏறி இருந்தபின் வழிகாட்டிப் பெண் தலை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். நாற்பத்தெட்டுப் பேருக்குத்தான் அனுமதி, ஒருவர் கூடிவிட்டார். முன்வரிசையில் ஒரு தாயின் மடியில் கைக்குழந்தை இருந்தது. படகில் கைக்குழந்தையும் ஓர் ஆள்தானாம். யாராவது ஒருவர் 3.30 படகில் வர முடியுமா என்று முதலில் பிரெஞ்சிலும் பிறகு ஆங்கிலத்திலும் தன்மையாகக் கேட்டாள். எல்லோருக்கும் திடீரென்று தங்கள் சப்பாத்தில் ஏதோ வேலை வந்துவிட்டது. எனக்கும்தான்.

வதனா எழும்பினாள். பலகையைத் தாண்டித் துறையில் போய் நின்றாள். நான் கையைக் காட்டிக் கூப்பிட்டும் வரவில்லை. வேறு வழியில்லாமல் நானும் இறங்கினேன். படகு ஓர் இடம் காலியாகப் போனது.

காசைத் திருப்பித் தந்துவிட்டார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஆரோ பெத்த பிள்ளைக்கு நீர் ஏன் இறங்க வேண்டும் என்று கால்வாய்க்கு மேலான நடைபாலம் தாண்டும்வரை பேசிக்கொண்டே வந்தேன். அடுத்த படகு வேண்டாம், நடப்போம் என்றாள். அதனால் இது படகுச் சவாரி பற்றிய கட்டுரையாக இல்லாமல் நடை பற்றிய கட்டுரையாகிவிட்டது.

சந்தையிலிருந்து லொக் ஒன்றேகால் கிலோமீற்றர் அளவு. கரையோரம் நல்ல பாதை. சைக்கிள்காரர்கள் மின்னலாக வருவார்கள், வலது பக்கமாகவே நடவுங்கள். இரண்டு பக்கமும் சிவப்புச் செங்கல் தொழிற்சாலைகள். பாதி பூட்டிக் கிடக்கின்றன, பாதியை விலை கூடிய வீடுகளாக மாற்றிவிட்டார்கள். வதனா எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது 1.40. எங்கள் படகு லொக்குக்குள் நின்றது. பணியாளர்கள் மேலிருந்து கயிறு கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டக்கூடாது, கையில் பிடித்துக்கொண்டு தண்ணீர் இறங்க இறங்க விட்டுக்கொடுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் படகு ஓர் ஆள் உயரத்துக்கு மேல் கீழே போய்விட்டது. குழந்தை தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. வதனா கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

இந்த இடத்தில் வீட்டுக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் 93 இல் முன்னால் வந்துவிட்டேன். அடுத்த வருடம் வதனா, ஒரு வயது மகன், என் அம்மா மூவரும் கொழும்புக்கு வருவதென்று ஏற்பாடு. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறத் தரைவழி இல்லாத காலம், கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடக்க வேண்டும். பெட்டி கட்டிவிட்டேன் என்று அம்மா எனக்குக் கடிதம் போட்டிருந்தார். கொழும்புக்கு வந்து சேர்ந்தது வதனாவும் பிள்ளையும்தான். அம்மா இரண்டு வருடம் தனியே இருந்து, பக்கத்தில் யாருமில்லாமல் செத்துப்போனார்.

95 இல் மிராபெல் விமான நிலையத்தில் வதனாவைக் கண்டதும் நான் கேட்ட முதல் கேள்வி, “அம்மாவை ஏன் விட்டிட்டு வந்தனீர்?” மாமி வரமாட்டன் எண்டிட்டா என்றாள். பெட்டி கட்டிய மனுசி எப்படி வரமாட்டேன் என்பார்? நான் நம்பவில்லை. பதினொரு வருடம், கறிக்கு உப்புக் கூடினாலும் எங்கள் சண்டை அங்கேதான் போய் முடியும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நடந்தது.

லொக்கின் கீழ்க்கதவு திறக்கத் தொடங்கியபோது வதனா பேசினாள்.

“வள்ளம் வெளிக்கிடேக்க ஓட்டி எண்ணிப்போட்டு ஒராள் கூட எண்டார். ஒராள் இறங்கினாத்தான் எடுப்பன் எண்டார். ஒருத்தரும் அசையேல்லை. மாமி எழும்பினா.”

இடுப்பளவு தண்ணீரில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா கரைக்கு நடந்தாராம். இறங்க முதல், நானாகத்தான் நின்றேன் என்று அவனுக்குச் சொல்லு, இல்லாவிட்டால் தாங்கமாட்டான் என்றாராம். அம்மா சொன்னபடியே வதனா எனக்குச் சொன்னாள்.

“நான் இருங்கோ மாமி எண்டு சொல்லேல்லை. பிள்ளை மடியில. நானும் குனிஞ்சுகொண்டுதான் இருந்தனான்.”

ஏன் இத்தனை நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் இருக்கவில்லை, களைப்புத்தான் இருந்தது.

“அம்மாவை ஏன் விட்டிட்டு வந்தனீர் எண்டுதான் கேட்டனீங்கள். நீர் எப்பிடி வந்தனீர் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை.”

படகு வெளியே போய்விட்டது. அடுத்ததாக இரண்டு சின்னப் படகுகள் மேலே ஏறக் காத்து நின்றன. நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விசயங்கள். படகுகள் மே நடுப்பகுதியிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரைதான். சனி ஞாயிறில் சீட்டை முதலே எடுத்து வையுங்கள், கைக்குழந்தையையும் கணக்கில் சொல்லுங்கள். சாப்பாட்டைச் சந்தையிலேயே வாங்குங்கள், பாதையில் ஒன்றும் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் தேவை. லொக்கைப் பார்க்கக் கரையில் நின்றாலே போதும், அதற்குக் காசு இல்லை. முக்கியமாக, கூட வருகிறவருக்குப் படகில் ஏற விருப்பமா என்று கேட்டுவிட்டுச் சீட்டு எடுங்கள்.

நான்கு மணிக்குக் கோட் வெர்துவில் பஸ் ஏறினோம். பின்சீற்றில் இடம் கிடைத்தது. சென்ட் லோரன்ட் தொழிற்சாலைகள் தாண்டும்போது, “நீர் எப்பிடி வந்தனீர்?” என்று கேட்டேன். அவள் வீட்டைப் பூட்டித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்ததிலிருந்து சொல்லத் தொடங்கினாள். பிள்ளைக்கு அன்று காய்ச்சல். பால்மா கிடைக்கவில்லை. அம்மாவும் அவளும் மாறி மாறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

ஐம்பது நிமிடத்தில் எங்கள் தரிப்பு வந்தது. அவள் இன்னும் கிளாலிக்கு வந்து சேரவில்லை. நாங்கள் இறங்கவில்லை.