எங்கள் தெருவில் அதன் பெயர் மை ஓடை

மழை விட்டதும் எதிர்வீட்டுச் சிறுமி தன் அப்பாவின் பைக்கில் ஏறி, கண்மாய் நிரம்பி வழிவதைப் பார்க்கப் போனாள். என் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் நாலாம் வகுப்பு. சிவகாசியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் ஓடை இருந்தது. கண்மாயிலிருந்து கிளம்பி, முதலில் என் தோழி மும்தாஜின் தெருவுக்கு வரும். அங்கே அதற்குக் கண்மாய் ஓடை என்று பெயர். அச்சாபீஸ்களைக் கடந்து எங்களிடம் சேரும்போது சிவப்பும் நீலமுமாக மாறி, மண்ணெண்ணெய் நாற்றம் அடிக்கும். நாங்கள் மை ஓடை என்போம். ஒரே ஓடைக்கு அவள் தெருவில் மட்டும் நல்ல பெயர் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

"நாங்க காலு களுவுன தண்ணிதாண்டி உங்களுக்கு வருது" என்று மும்தாஜ் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த மழைக்கு அப்பாவை நச்சரித்து, சைக்கிளில் அவள் வீட்டையும் தாண்டி, கண்மாய் வழியும் இடத்துக்கே போனேன். தண்ணீர் சில்லென்று களிமண் வாசத்தோடு ஓடியது. காலை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன்.

"ஏட்டி, நேத்து நான் களுவுன தண்ணிதான் உங்க வீட்டுக்கு வந்துச்சு" என்றேன் மறுநாள்.

அவள் கோபப்படவில்லை. "உங்கப்பாவா கூட்டிட்டுப் போனாக?" என்று கேட்டாள். "எங்க அத்தா வியாபாரத்துக்குப் போனா ரம்ஜானுக்குத்தான் வருவாக."

என் கணவரும் இப்போது காலண்டர் ஆர்டருக்காக வெளியூர் போயிருக்கிறார். பிள்ளைக்குச் சளி பிடிக்குமோ, பாதை வழுக்குமோ என்று யோசித்தபடியே நின்றேன். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

மகள் நம்பாமல் திரும்பினாள். "நீயாம்மா?"