சூசையம்மாள் அக்கா மீட்டுத் தந்த பெயர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலையில் துரைப்பாண்டி அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். ரயில் சந்திப்புப் பக்கம் நான் முன்பு வேலை பார்த்த பைனான்ஸ் கம்பெனியின் வசூல்காரர் அவர். பேட்டையில் அந்த வண்டிச் சத்தம் தெரியாதவர்கள் குறைவு. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. குழாயடியில் நின்றவர்கள் குடத்தை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, அப்பாவிடம் தணிந்த குரலில், "யாருக்கு ஜாமீன் போட்டிய?" என்று கேட்டாள்.

அவர் வசூலுக்கு வரவில்லை, என்னைத் தேடி வந்திருந்தார். "சூசையம்மா அக்கா தவறிட்டாங்க தாயி. ராத்திரி நெஞ்சு வலிக்குன்னு சொல்லிருக்காங்க. ஆஸ்பத்திரி போய்ச் சேரல" என்றார். தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வசூல்காரர் அழுவதை எங்கள் தெரு அன்றுதான் பார்த்தது.

சூசையம்மாள் அக்காவுக்குச் சொந்த ஊர் உவரி. கணவர் இறந்த பிறகு பாளையங்கோட்டைக்கு வந்து, அஞ்சலகச் சிறுசேமிப்பு முகவராக இருந்தார். வீடு வீடாகப் போய் மாதப் பணம் வாங்கிக் கட்டுவது அவர் வேலை. துரைப்பாண்டி அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம், "நானும் வசூல்காரிதான் தம்பி. என்னையக் கண்டா நாற்காலி போடுதாங்க, உம்மக் கண்டா கதவப் பூட்டுதாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார். அவரும் சிரித்துக்கொள்வார்.

அக்காவை அறிந்தவர்களில் பலர் அவரை ஒரே காரணத்துக்காகத்தான் அறிந்திருப்பார்கள். அதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஊரிலிருந்த பைனான்ஸ்காரர்கள் தங்களுக்குள் மாதம் ஒரு தாளைச் சுற்றுக்கு விடுவார்கள். தவணை தவறியவர்கள், அவர்களுக்கு ஜாமீன் போட்டவர்கள் ஆகியோரின் பெயரும் முகவரியும் அதில் இருக்கும். பெயர் ஏறிவிட்டால் மிதிவண்டிகூடத் தவணைக்குக் கிடைக்காது. எங்கள் கம்பெனியின் தாளைத் தட்டச்சு செய்தது நான்தான். பட்டம் வாங்கி எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. வருகிறவர்களை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் காது திறந்திருக்கும்.

பெயர் ஏறியவர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். எங்கேயாவது புரட்டி, பாக்கி முழுவதையும் கட்டி, ரசீதை வாங்கிக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பணம் கட்டிய பிறகு பெயரை நீக்கச் சொல்லிக் கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்கள். பணம் வந்த பிறகு பெயரை நீக்கக் கம்பெனிக்கும் அவசரம் இருக்காது. அது மாதக்கணக்கில் தாளில் கிடக்கும். சூசையம்மாள் அக்கா இதை மாற்றினார். "ரூவா கையில இருக்கும்போது பேசணும். குடுத்த பொறவு பேசுனா அதுக்குப் பேரு கெஞ்சுறது" என்பார்.

மாதக் கடைசி வேலைநாளின் மாலையில்தான் வருவார். வசூல்காரர்களின் கணக்கில் குறை விழுந்திருக்கும் நேரம் அது. கடன்பட்டவரையும் கூட்டிவருவார். வந்ததும் அவரை நிற்கவைத்துத் திட்டத் தொடங்குவார். வசூல்காரர் திட்ட வேண்டியதை எல்லாம் இவரே திட்டித் தீர்த்துவிடுவார். கேட்டவர்களுக்கு அது வலித்திருக்கும். எனக்கே சில சமயம் அதிகம் என்று தோன்றியிருக்கிறது.

மேலப்பாளையம் ஜன்னத்தை அழைத்துவந்த நாளை என்னால் மறக்க முடியாது. ஜன்னத்தின் கணவர் எங்கள் கம்பெனியில் கடன் வாங்கி ஆட்டோ ஓட்டியவர். நோயில் இறந்துபோனார். ஆட்டோவைக் கம்பெனி எடுத்து விற்றது. விற்ற பணம் போகக் குறை நின்றது. ஜாமீன் கையெழுத்து மனைவியுடையது என்பதால் அவள் பெயர் தாளில் ஏறியது. ஜன்னத் தையல் வேலை செய்து இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்துவந்தாள். இன்னும் இரண்டு தையல் மிஷின் போட்டால் பள்ளிச் சீருடை தைக்கும் வேலை முழுவதையும் தருவதாக டவுனில் ஒரு துணிக்கடைக்காரர் சொல்லியிருந்தார். பள்ளி திறப்பதற்குள் வேண்டும். மிஷினைத் தவணைக்குக் கேட்ட இடத்தில் தாளைப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார்கள். ஒரு வளையலை விற்று, குறை நின்ற தொகையோடு வந்திருந்தாள்.

அக்கா வழக்கம்போல ஆரம்பித்தார். "ஏட்டி, கையெழுத்துப் போடும்போது வாசிச்சியா? அவன் நீட்டுன எடத்துலல்லாம் போட்டுருவியோ?" ஜன்னத் அழத் தொடங்கினாள். துரைப்பாண்டி அண்ணனுக்கே பொறுக்கவில்லை. "விடுங்கக்கா, பாவம், அந்தப் பிள்ள என்ன செய்யும்" என்றார். அக்கா அந்தச் சொல்லுக்குத்தான் காத்திருந்தார். உடனே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, மேலாளரிடம் பெயரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

பணத்தைக் கட்டட்டும், பெயர் தானாகப் போய்விடும் என்றார் மேலாளர்.

"தானா வந்துதா சார் அந்தப் பேரு, தானா போவதுக்கு?"

மேலாளர் குரலை உயர்த்தினார். அதில் பயந்துபோன ஜன்னத், முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை மேசையில் வைத்துவிட்டாள். எல்லோரும் செய்யும் அதே தவறு. பழக்கத்தில் துரைப்பாண்டி அண்ணனின் கை நீண்டது. அதற்கு முன்னால் அக்காவின் உள்ளங்கை நோட்டுகளின் மேல் விழுந்தது.

"கைய எடும் தம்பி. இது ரூவா இல்ல. இந்தப் பிள்ளைக்கு ரெண்டு மிசினு."

பிறகு தனக்கு வேண்டியதைச் சொன்னார். கணக்கு முடிந்தது, பெயர் நீக்கப்பட்டது என்று கம்பெனித் தாளில் ஒரு கடிதம். அதன் நகல் தாள் போகும் எல்லாக் கம்பெனிக்கும் அன்றே போக வேண்டும். வட்டிக்கு மேல் போட்ட அபராதம் வேண்டாம். மேலாளர் அப்படி ஒரு வழக்கமே இல்லை என்றார். அக்கா பதில் சொல்லவில்லை, கையையும் எடுக்கவில்லை. தேநீர் வந்தது. இடது கையால் வாங்கிக் குடித்தார். மேலாளர் வேறு யாரிடமோ தொலைபேசியில் பேசினார், வெளியே போனார், திரும்பி வந்தார். கை அங்கேயே இருந்தது. ஜன்னத் கிளம்பிவிடப் பார்த்தபோது கண்ணாலேயே இருக்கச் சொன்னார்.

கடைசியில் துரைப்பாண்டி அண்ணன்தான் தலையைச் சொறிந்துகொண்டு, "சார், இன்னைக்குள்ள கணக்கு முடிக்கணும். இது வரலன்னா எனக்குக் குறை விழும்" என்றார். மேலாளர் அவரை முறைத்துவிட்டு, என் பக்கம் திரும்பித் தட்டச்சு செய்யச் சொன்னார்.

கையெழுத்தும் முத்திரையும் விழுந்த கடிதத்தை அக்கா ஜன்னத்திடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை வாசித்தாள். அதற்குப் பிறகுதான் மேசையிலிருந்து அந்தக் கை எழுந்தது. "இனி எண்ணிக்கிடும். கூட இருந்தா திருப்பிக் குடும்" என்றார் அக்கா.

இதற்கெல்லாம் அவர் கூலி வாங்கியதில்லை. பெயர் நீங்கிய வீட்டில் ஒரு சிறுசேமிப்புக் கணக்கு மட்டும் தொடங்கவைப்பார். "இதுல எனக்குக் கமிஷன் உண்டு, பாத்துக்கோ" என்று அவரே சொல்லியும் விடுவார்.

பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் புதன்கிழமை மாலை நல்ல கூட்டம். பெட்டியைத் தூக்கியவர்களில் துரைப்பாண்டி அண்ணனும் ஒருவர். ஜன்னத் வாசலுக்கு வெளியே, மகள்களோடு நின்றிருந்தாள். பள்ளி திறப்பதற்கு முன் மிஷின்கள் வந்ததையும், இப்போது ஐந்து மிஷின் ஓடுவதையும் சொன்னாள். "அன்னைக்கு அவ்வளவு திட்டுனாங்களே, வருத்தமில்லையா?" என்று கேட்டேன். "இருந்துச்சு. வீட்டுக்குப் போனபொறவு அவங்களே வந்து, தப்பா நெனச்சுக்கிடாதம்மான்னாங்க. நான் அழுதேன், அவங்களும் அழுதாங்க" என்றாள். அது எனக்கு அதுவரை தெரியாது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. மௌனம் என்றால் பயம் என்றே எண்ணியிருந்தேன். கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அக்கா பேசாமல் இருந்த அந்த மாலையில்தான் வேறு வகை மௌனத்தைக் கண்டேன். சூசையம்மாள் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். சம்பள உயர்வு கேட்கப் போனாலும், அரசு அலுவலகத்தில் சான்றிதழுக்கு நின்றாலும், கேட்டுவிட்டு அங்கேயே நிற்கிறேன்.