நாலாவது கதிரை தாள் மாற்றுவதில்லை

நான் தோற்காத இடம் கிடையாது. மனைவியிடம் தோற்றிருக்கிறேன். டிரைவிங் டெஸ்ட் எடுத்த அம்மணியிடம் மூன்று தரம் தோற்றிருக்கிறேன். பிரெஞ்சு வினைச்சொற்களிடம் தினமும் தோற்கிறேன்.

ஆனால் ஒரு கதிரையிடம் தோற்றது இந்தக் குளிர்காலத்தில்தான். ஆள் இல்லாத கதிரை!

சிரிக்காதீர்கள். அந்த பேஸ்மென்டில் ஒருநாள் இருந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

புரோசார்ட்டில் செபஸ்தி அண்ணையின் வீடு. சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு நாங்கள் நாலு பேர் அங்கே பேஸ்மென்டில் கடதாசி விளையாடக் கூடுவோம். செபஸ்தி அண்ணை, பள்ளிக்கூட பஸ் ஓட்டும் குகன், புவாண்ட்-கிளேரில் வேர்ஹவுஸ் வேலை பார்க்கும் ரஞ்சன், பிறகு நான். ஆட்டம் முன்னூற்றுநாலு. இரண்டு இரண்டு பேராகச் சோடி சேர்ந்து, இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலம் கேட்டு ஆடுவது. அதில் ஜாக்தான் பெரிய ஆள். அடுத்தது ஒன்பது, அதற்குப் பிறகு ஆஸ். இரண்டு முதல் ஆறு வரையான குட்டித் தாள்களுக்கு வேலையே இல்லை. கட்டைப் பிரித்த அன்றைக்கே அவற்றைப் பொறுக்கி ஒரு பிஸ்கற் டின்னில் போட்டுவிடுவோம்.

செபஸ்தி அண்ணைக்குப் புதுக் கட்டு ராசியில்லையாம். பதினைந்து வருடமாக ஒரே கட்டு. தாள் எல்லாம் விரல் பட்டுப் பட்டு அப்பளம் மாதிரி ஊதிக்கிடந்தன.

இலை கொட்டுகிற காலத்தில் அண்ணை போய்விட்டார். நித்திரையிலேயே. யாருக்கும் சொல்லவில்லை, எங்களுக்கும் சொல்லவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்கா எங்கள் மூவரையும் கூப்பிட்டார். அண்ணையின் மனைவி.

"தம்பியவை, சனிக்கிழமையில வாறதை விட்டிடாதேங்கோ. கீழ ஆக்கள் கதைக்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்கு இது வீடு. சத்தம் நிண்டா நான் வித்துப்போட்டு மகளோட டொரோண்டோவுக்குப் போகவேணும்."

"மகளோட இருக்கிறது நல்லதுதானே அக்கா?" என்றான் ரஞ்சன்.

"ஓம், நல்லது. ஒரு அறை தருவினம். மருந்து எடுத்தியளோ எண்டு ஒரு நாளைக்கு ஆறுதரம் கேப்பினம். எனக்கு விருப்பமில்லை."

ஆக, மேசை நிலைக்க வேண்டும். ஆனால் சோடி ஆட்டத்தை மூன்று பேர் எப்படி ஆடுவது?

ரஞ்சன் ஒரு வழி கண்டுபிடித்தான். வேலையிடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழகிய போக்கர் ஆட்டம். லோபோல் என்று பெயர். மூன்று பேரும் ஆடலாம்.

"ஆளுக்கு அஞ்சு தாள், அண்ணை. ஆற்ற கை ஆகக் கேவலமா இருக்கோ அவருக்குத்தான் வெற்றி."

"இதைத்தானே நான் முப்பது வருசமா ஆடுறன்!" என்றேன்.

"பொறுங்கோ. சோடி விழுந்தாக் கூடாது. வரிசையா வந்தாலும் கூடாது. அஞ்சும் ஒரே சாதியெண்டாலும் கூடாது. ஆஸ் பெரிய தாள், அதுவும் கூடாது. ஆக நல்ல கை இரண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஏழு. மூண்டு தரம் வேண்டாத தாளை மாத்தலாம்."

"அப்ப ஜாக்?" என்று குகன் கேட்டார்.

"எறியவேணும்."

"ஜாக்கை?"

"ஓம் அண்ணை, ஜாக்கை."

குகனின் முகத்தைப் பார்க்கவேண்டும். மாமனாரை வீட்டை விட்டு அனுப்பச் சொன்னதுபோல இருந்தது.

எல்லாம் சரி, குட்டித் தாளுக்கு எங்கே போவது? அக்கா மேலே போய் அந்த பிஸ்கற் டின்னோடு இறங்கி வந்தார். "எறிய விடமாட்டார். இருக்கட்டும், ஒருநாள் தேவைப்படும் எண்டுவார்."

மூடியைத் திறந்தோம். இருபது தாள்கள். பதினைந்து வருடமாக ஒரு விரல் படாத தாள்கள், பளபளவென்று. பேஸ்மென்ட் யன்னலைப் பாதிக்கு மேல் பனி மூடியிருந்தது. உள்ளே வந்த வெளிச்சம் நீலமா வெள்ளையா என்று சொல்லமுடியாத ஒரு வெளிச்சம்.

ரஞ்சன் குலுக்கிப் போட்டான். நாலு நாலாகப் போட்டான், பிறகு ஒவ்வொன்றாக. முன்னூற்றுநாலுக்கு நாலு நாலாகத்தான் போடுவோம். கை பழகிய பழக்கம். அதே பழக்கத்தில் நாலு கதிரைக்கும் போட்டுவிட்டான்.

நாலாவது கதிரை அண்ணையுடையது. இருக்கையில் அவருடைய பள்ளம் இன்னும் இருந்தது.

ரஞ்சன் பதறிப்போய் அந்தத் தாள்களை எடுக்கக் கை நீட்டினான். படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "கிடக்கட்டும். எடுக்காத," என்றார்.

பந்தயத்துக்குக் காசில்லை, கச்சான்; உரிக்காத நிலக்கடலை. அக்கா எழும்பி வந்து அண்ணையின் பங்குக்கும் மேசை நடுவில் கச்சான் வைத்தார். சுற்றுக்குச் சுற்று, நாங்கள் வைக்கும்போதெல்லாம் வைத்தார்.

கடைசியில் அந்தத் தாள்களைத் திருப்பினோம். இரண்டு, மூன்று, நாலு, ஆறு, எட்டு.

எங்கள் மூவரையும்விட நல்ல கை!

"தற்செயல்," என்றான் ரஞ்சன். சொல்லிவிட்டு அவனே தண்ணீர் குடித்தான்.

அடுத்த சனிக்கிழமை குகன் நெற்றி நிறையத் திருநீறோடு வந்தார். அக்கா மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினார். இரண்டு சமயமும் காவலுக்கு நிற்கின்றன, இனி என்ன பயம் என்று நான் தைரியமாக உட்கார்ந்தேன்.

இந்த ஆட்டத்தில் முக்கியமான வித்தை ஒன்று இருக்கிறது. அடுத்தவருடைய தாளை நீங்கள் பார்க்கமுடியாது. ஆனால் அவர் எத்தனை தாள் மாற்றுகிறார் என்று எண்ணலாம். மூன்று மாற்றினால் அவர் கையில் ஒன்றுமில்லை. ஒன்று மாற்றினால் கரையை நெருங்கிவிட்டார். ஒன்றுமே மாற்றாமல் சும்மா இருக்கிறாரா? அவருக்குத்தான் பயப்பட வேண்டும்.

இப்போது யோசியுங்கள். எங்கள் மேசையில் ஒருவர் முதல் தரம் மாற்றவில்லை. இரண்டாம் தரம் மாற்றவில்லை. மூன்றாம் தரமும் மாற்றவில்லை...

எனக்கு ஒரு தரம் நல்ல கை வந்தது. இரண்டு, நாலு, ஐந்து, ஏழு, ஒன்பது. யாராயிருந்தாலும் அதை வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். நான் நாலாவது கதிரையைப் பார்த்தேன். அங்கே கவிழ்ந்து கிடந்தவற்றில் நாலு தாளின் முதுகு புத்தம் புதுசு. ஒன்று மட்டும் அழுக்கு. பயந்துபோய் என் ஒன்பதை எறிந்தேன். வந்தது இன்னொரு ஏழு. சோடி!

"ஏன்ரா நல்ல கையை உடைச்சனி?" என்று குகன் கேட்டார்.

"அண்ணை மாத்தேல்லை, மச்சான்."

"ஓம்... நானும் அதைப் பாத்துத்தான் உடைச்சனான்."

திருப்பினோம். இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஏழு. எவராலும் வெல்லமுடியாத கை. ஏழு மட்டும்தான் அழுக்கு. அதற்குப் பிறகும் இரண்டு ஆட்டம் அந்தக் கதிரைதான் வென்றது. சுவருக்கு அப்பால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஒருமுறை இருமியது. அண்ணையும் வென்றால் இப்படித்தான் இருமுவார்.

காரில் திரும்பும்போது நான் சொல்லிவிட்டேன். "நான் இனி வரேல்லை."

"அப்ப அக்கா?" என்றார் குகன்.

ஜான்-டலோன் சந்தையில் வாங்கிய கச்சான் ஒரு பை மடியில் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இரண்டு நாள் கழித்து ரஞ்சன் போன் எடுத்தான். கண்டுபிடித்துவிட்டானாம். ஊதின தாளும் வழுக்குகிற தாளும் குலுக்கும்போது கலக்காது. புதுசுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே நிற்கும். நாங்களோ நாலு நாலாகப் போடுகிறோம். குட்டித் தாள் எல்லாம் கூட்டமாக ஒரே கையில் போய் விழுகிறது. அவ்வளவுதான் பேய்!

"சரி. ஏன் எல்லாத்தரமும் அந்தக் கதிரைக்கு?"

"புதுக் கட்டு வாங்கியாறன் அண்ணை," என்றான்.

போன சனிக்கிழமை போனோம். தெருமுனை டெப்பனர் கடையில் வாங்கிய கட்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. ரஞ்சன் ஏழு தரம் குலுக்கினான். "ஒவ்வொரு தாளாப் போடுறன். மூண்டு பேருக்குத்தான் போடுறன்," என்று சத்தமாக அறிவித்தான். யாருக்கு அறிவித்தான் என்று நான் கேட்கவில்லை.

அக்கா படியிலிருந்து எழும்பினார். நேரே வந்தார். அண்ணையின் கதிரையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தார்.

"நாலு பேருக்குப் போடு. நானும் விளையாடப் போறன்."

"அக்கா, உங்களுக்கு விதி தெரியுமே?"

"இரண்டு கிழமையாப் படியில இருந்து என்ன செபமாலையோ சொன்னனான்? போடு."

ரஞ்சன் போட்டான். அக்கா தன் ஐந்து தாளையும் எடுக்கவில்லை. கவிழ்ந்தபடியே விட்டு, மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"எத்தனை மாத்திறியள்?"

"மாத்தேல்லை."

"பாக்காமலே?"

"மாத்தேல்லை எண்டெல்லோ சொன்னனான்."

இரண்டாம் தரமும் இல்லை. மூன்றாம் தரமும் இல்லை. கச்சானை மட்டும் கைப்பிடியாகத் தள்ளினார். எதிர்த்து வைக்கப் பயந்து குகன் தாளைக் கவிழ்த்து விலகினார். ரஞ்சன் கவிழ்த்தான். என் கையில் எட்டுக்கு மேல் ஒரு தாளும் இல்லை, அருமையான கை. கவிழ்த்தேன். கச்சான் முழுக்க அக்காவுக்கு!

அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே... அண்ணை போன பிறகு அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு. "நீங்கள் எல்லாம் ஆம்பிளையளே? தாளுக்குப் பயந்தனியளோ, கதிரைக்குப் பயந்தனியளோ?"

மேலே போன் அடித்தது. டொரோண்டோ மகள். அக்கா படியேறிப்போய்ப் பேசியது கீழே தெளிவாகக் கேட்டது. "வீட்டு ஏஜென்டை வரவேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை. எனக்குச் சனிக்கிழமையில கடதாசி இருக்கு."

நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்து மூச்சு விட்டோம். மேசை நிலைத்துவிட்டது.

அத்தோடு எழும்பி வந்திருக்கலாம். என் விரலுக்குத்தான் அறிவு கிடையாதே. அக்கா விட்டுப்போன தாள்களைத் திருப்பினேன்.

கிளாவர் ஜாக். கிளாவர் ஒன்பது. கிளாவர் ஆஸ். இன்னொரு ஜாக். இன்னொரு ஒன்பது.

லோபோலில் குப்பை. என்னிடமே தோற்கிற கை. ஆனால் முன்னூற்றுநாலு ஆடுகிறவன் ஆயுளில் ஒருமுறை வராதா என்று ஏங்குகிற கை. செபஸ்தி அண்ணை பதினைந்து வருடம் அந்த மேசையில் காத்திருந்ததும் இதற்குத்தான்.

"இருநூற்றம்பது கேட்டிருப்பார்," என்று குகன் மெதுவாகச் சொன்னார்.

சுவருக்கு அப்பால் ஃபர்னஸ் இருமியது.

அக்காவுக்கு நாங்கள் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அடுத்த சனிக்கிழமையும் போவோம், தோற்போம், கச்சான் உரிப்போம். இனிமேல் அந்தப் படியில் இறங்குமுன் "அண்ணை, வாறன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டே இறங்குவதாக இருக்கிறேன். மரியாதைக்குத்தான்.

பதில் வராத வரைக்கும் பிரச்சினை இல்லை.