நான் மல்லாந்து படுத்த நாள்

யுத்தம் தொடங்கிய வருஷம் என் வயிற்றில் நீர் கட்டியது. மகோதரம் என்றார்கள். வயிறு பானையாகி, மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நின்றது. படுத்தால் யாரோ மாரில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். திண்டிவனத்தில் என் கடலை மண்டியில், மல்லாட்டை மூட்டைகளில் முதுகைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்கினேன். தூக்கமா அது?

நான் சாதாரண ஆள் இல்லை. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, மூட்டை தூக்க வந்து, அதே தெருவில் மண்டி வைத்தவன். யார் தயவும் இல்லை. பெண்சாதி பிள்ளையில்லாமலே போய்ச் சேர்ந்தாள். எனக்கு யாரும் வேண்டாம் என்று சொல்லித் திரிந்தேன். வயிறு வீங்கியதும் வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். தம்பி கன்னியப்பன் மட்டும் கேப்பைக் கூழ் கொண்டுவந்து வைப்பான். பேச மாட்டான். அவனுக்கு என் மண்டிமேல் கண் என்று நினைத்து நானும் பேசவில்லை.

ரயிலேறி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வயிற்றில் குழாய் வைத்து நீரை இறக்கினார்கள். "உப்பை உட்டுடணும் பெரியவரே. இல்லன்னா தண்ணி மறுபடியும் சேந்துடும்" என்றார் டாக்டர். கருவாடு கடிக்காமல் கூழ் குடிக்கிறவனா நான்? கேட்கவில்லை. வயிறு பழையபடி ஏறியது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வெள்ளியில் வயிறு அடித்து அனுப்பினேன். அத்தனை பெரிய வயிறு அந்த உண்டியலில் விழுந்திருக்காது. அப்படியும் மூச்சு இறங்கவில்லை.

ஆடி அமாவாசை. தெருவே வண்டி கட்டிக்கொண்டு மலையனூர் போய்விட்டது. பட்டப்பகலில் நான் ஒருவன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டு கிடந்தேன். செத்தாலும் கேட்க ஆளில்லை. அழுதேன். "ஆத்தா, ஒரு நாளு நீட்டிப் படுக்கணும். எங்கிட்ட இன்னா வேணுமோ எடுத்துக்கோ" என்றேன். கண்ணைத் துடைத்துப் பார்த்தால் என் இன்னொரு கை, கூழுக்கு வைத்திருந்த கருவாட்டின்மேல் இருந்தது. அவள் என்னிடம் கேட்பது இந்த உப்பைத்தான் என்று தெரிந்தது. உப்பை அவளுக்கே விட்டேன். டாக்டர் சொன்னதும் அதேதான். ஆனால் என்னைக் கேட்கவைக்க ஆத்தாளே வரவேண்டியிருந்தது.

உப்பில்லாத கூழ் மண்ணைக் கரைத்துக் குடிப்பதுபோல் இருந்தது. குடித்தேன். விழுப்புரம் போய் இன்னொரு தடவை நீர் எடுத்துக்கொண்டேன். இந்த முறை திரும்ப ஏறவில்லை.

ஐப்பசியில் ஒரு முற்பகல் பாயை விரித்து, பயந்து பயந்து மல்லாந்து படுத்தேன். மூச்சு தடையில்லாமல் வந்தது. ஆத்தாளை நினைத்தபடியே உறங்கிப்போனேன்.

அழுகைச் சத்தத்தில் விழித்தேன். கன்னியப்பன் என் காலைக் கட்டிக்கொண்டிருந்தான். "அண்ணே, ஒரு வார்த்த பேசாம பூட்டியே. எனக்கு வேற யாரு கீறாங்க." மாதக்கணக்கில் நான் படுத்து அவன் பார்த்ததே இல்லை. செத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டான்.

"கூழு எங்கடா?" என்றேன்.

திடுக்கிட்டுக் காலை விட்டான். "கொட்டிப்போச்சி. நீ செத்துட்டன்னு சட்டிய போட்டுட்டேன். படுக்கறவன் சொல்லிட்டுப் படுக்கக் கூடாதா?" என்று திட்டினான். திட்டிக்கொண்டே அழுதான். எனக்காக அழ ஓர் ஆள் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நான் கேட்டது மூச்சு மட்டும்தான். அவள் கூடவே தம்பியையும் கொடுத்தாள்.

அய்யாமாரே, அம்மாமாரே, நோய் வந்தால் வைத்தியரிடம் போங்கள், அவளிடமும் போங்கள். வெள்ளியைக் காட்டி அவளை மயக்க முடியாது. அவள் கேட்பதைக் கொடுங்கள். அமாவாசைதோறும் நானும் கன்னியப்பனும் ஒரே வண்டியில் மலையனூர் போகிறோம். துணையில்லாமல் தவிக்கிறவர்கள் மண்டிக்கு வந்து குரல் கொடுங்கள். வண்டியில் இடம் இருக்கிறது.