றஹீமாவின் தலைக்கு மேல்

உக்குவளையில் ரயில் பாதையை ஒட்டிய பழைய மாடிவீட்டின் கீழ்ப்பகுதியில் றஹீமா இருந்தாள். மேலே அவள் தம்பி முஸம்மில், மனைவி ஜெஸ்லா, பிள்ளைகள். மேல்மாடிக்குத் தரை வெறும் பலகைதான். மேலே யாராவது வேகமாக நடந்தால், கீழே ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும் றஹீமா கையை நிறுத்திக் காத்திருப்பாள்.

முழங்கால் வருத்தத்தால் அவள் மாடி ஏறுவதில்லை. முன்னறையில் தையல் வகுப்பு நடத்தினாள். புருஷன் மௌத்தான பிறகு, பின்னேரங்களில் வரும் பெண்பிள்ளைகளின் பேச்சும் சிரிப்பும்தான் அவளுக்குத் துணை.

முஸம்மில் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன். அங்கே ஒரு முதலாளி வீடு மாறும்போது, தன் பெரிய மீன் தொட்டியை மீன்களோடு அவனுக்கே கொடுத்துவிட்டார். ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவு பெரிசு. அதை மாடியில் வைக்கலாமா என்று, தச்சு வேலை செய்யும் நிமலன் பாஸ் வந்து பலகையை மிதித்துப் பார்த்தார்.

"தண்ணி நிரப்பினா தாங்காதுங்க. கீழ முன்னறையில ஒரு இரும்பு உத்திரம் குறுக்க கொடுத்து, ரெண்டு தூண் நிறுத்தணும்."

மீனுக்காக உன் அறையில் தூண் நிறுத்தட்டுமா என்று ராத்தாவிடம் கேட்க முஸம்மிலுக்கு வாய் வரவில்லை.

"ராத்தா, மேல மரம் உக்கிப் போயிருக்காம். தூண் கொடுக்காட்டி புள்ளைகளுக்கு ஆபத்துன்னு பாஸ் சொல்றார்" என்றான்.

"புள்ளைகள் உசிரவிட என்ட அறை பெரிசா? போடச் சொல்லு." துணி வெட்டும் மேசையை அவளே இருட்டு மூலைக்குத் தள்ளினாள்.

அவன் மேலே போனதும், "ராத்தாக்கிட்ட உள்ளதச் சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள் ஜெஸ்லா. "பொறகு சொல்றேன்" என்றான் அவன்.

தூண் நின்றது. முழங்காலுக்கு மருந்தெடுக்க றஹீமா போயிருந்த நாளில் தொட்டி வந்தது. கொஞ்ச நாளில் ஒரு பின்னேரம் அவன் வேலைவிட்டு வந்தபோது வாசலில் தையல் பிள்ளைகளின் செருப்பு ஒரு ஜோடிகூட இல்லை.

"புள்ளைகள் எங்க ராத்தா?"

"வர வேணாம்னுட்டேன். உக்கின மரத்துக்குக் கீழ மத்தவங்கட புள்ளைகள வச்சிருக்க ஏலாது தம்பி. ஒண்டு ஆகிட்டா உம்மாமாருக்கு என்ன பதில் சொல்ற?"

"அதுதான் தூண் போட்டாச்சே."

"தூண் ரெண்டு எடத்துலதானே நிக்குது. உக்கல் எங்க எங்க இருக்குதோ, யாருக்குத் தெரியும்?"

அவள் கட்டிலும் குசினிப் பக்கம் போயிருந்தது. முஸம்மில் மேலே போனான். பிள்ளைகள் மீனைக் காட்டிக் கூப்பிட்டார்கள். அவனால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் கீழறையைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொண்டுதான் போனான்.

ஒரு ஜும்ஆ முடிந்து வந்தவன், றஹீமா தையல் மெஷின்களைத் துடைத்துச் சீலையால் மூடிக்கொண்டிருப்பதைக் கண்டான். அதற்கு மேல் தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

"மரத்துல உக்கலே இல்லையா?"

"இல்ல ராத்தா."

அவள் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறினாள். தொட்டிக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றாள்.

"இவ்வளவு பாரத்தையும் என்ட தலைக்கு மேல வச்சிட்டா உக்கின கதை சொன்ன? கேட்டிருந்தா ரெண்டு ஏச்சு ஏசிட்டுத் தந்திருப்பேன். இப்ப என்ட புள்ளைகள யார் கொண்டு வந்து தருவா?"

இறங்கும்போது அவன் நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை.

முஸம்மில் மீன்களை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தான், தொட்டியை இறக்கினான், நிமலனைக் கூப்பிட்டுத் தூண்களையும் எடுப்பித்தான். மேலே பிள்ளைகளுக்கு வட்டிலப்பம் அனுப்பிய றஹீமா, அவனோடு மட்டும் பேசவில்லை.

பிறகு அவன் தையல் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனான். ஒவ்வொரு வாசலிலும் தான் பொய் சொன்னதைச் சொல்ல வேண்டியிருந்தது. சில பிள்ளைகள் மாத்தளை டவுனில் வேறு வகுப்பில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். மஸீனா என்ற தாய் கதவைப் பிடித்தபடி முழுவதையும் கேட்டாள்.

"மீனுக்காகவா?"

"ஓம்."

"மகள அனுப்புறேன். ஆனா நீங்க சொன்னதுக்காக இல்ல. மரம் நல்லமான்னு அந்த பாஸ்கிட்ட நானே கேட்டுட்டுத்தான்."

"கேளுங்க" என்று சொல்லிவிட்டு, முஸம்மில் அடுத்த வீட்டுக்கு நடந்தான்.