அலுமினியத் தாள் சுற்றும் பிள்ளை

அஜக்ஸிலிருந்து ரொறன்ரோவுக்குப் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பிள்ளை இருப்பாள். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. தண்ணீர்ப் போத்தலுக்குக்கூட அலுமினியத் தாள் சுற்றி வைத்திருப்பாள்.

"தண்ணிக்கும் வெயில் சுடுமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

சிரித்தாள். "லாப்பிலை வந்த பழக்கம், அங்கிள். எங்கடை மருந்துச் சாமானிலை வெளிச்சம் பட்டால் அது வேலை செய்யத் தொடங்கிடும். அதாலை தாள் சுத்தி மூடி வைப்பம்."

என்ன மருந்து என்று கேட்டதற்கு விளக்கினாள். நினைவை அழிக்கும் அல்சைமர் நோயில் மூளைக்குள் ஒரு புரதம் கட்டிபடுகிறதாம். ஓர் உலோகச் சேர்மத்தில் ஒளி பட்டால், அது அந்தப் புரதத்தில் ஒட்டி, புரதம் கட்டிபடும் விதத்தை மாற்றுமாம்.

என் மனைவிக்கு அந்த நோய்தான். "எப்ப, பிள்ளை, இதை ஆக்களுக்குக் குடுப்பியள்?" என்றேன்.

"இப்ப கண்ணாடிக் குழாய்க்குள்ளை மட்டும்தான். மூளைக்குள்ளை வெளிச்சம் போறதே பெரிய பாடு. அன்ரிக்கு உதவும் எண்டு நான் பொய் சொல்லமாட்டன், அங்கிள்." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அன்ரியின்ரை பேர் என்ன?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பேரைக் கேட்டு என்ன கிழிக்கப்போறாய்? போய் உன்ரை குழாயோடை விளையாடு!"

அவள் போத்தலை எடுத்துக்கொண்டு வேறு பெட்டிக்குப் போனாள். அதன்பிறகு அவளை நான் காணவில்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சுகமாகிவிடும் என்று பொய் சொன்னார்கள். அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். உண்மை சொன்னவளுக்கு ஏச்சுக் கொடுத்தேன். நோயைப் பற்றிக் கேட்காமல் மனைவியின் பெயரைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். ஏன் கேட்டாள் என்று இன்றும் விளங்கவில்லை.

இப்போது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என் மனைவி திரும்பிப் பார்ப்பதில்லை. அன்றைக்கு நான் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளையாவது அதை ஞாபகம் வைத்திருப்பாள்.